டோல்கேட்டில் ஜன்னலைத் திறக்கலாமா, மூடலாமா? வீட்டுக் காற்றைச் சோதித்து சரிசெய்வது எப்படி? முழு விவரம்

வெளியே கன்டெய்னர் லாரிகளின் புகை. காற்று திசை மாறினால் தொழிற்சாலை வாடை. ‘எதுக்கு வம்பு, ஜன்னலைச் சாத்திடு’ என்பதுதான் டோல்கேட், காலடிப்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளில் பல வருஷமாக இருக்கும் பழக்கம். ஆனால் சாத்திய வீட்டுக்குள் கொசுவர்த்தி, மீன் பொரிக்கும் புகை, சாம்பிராணி எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் காற்று, தெருவில் இருப்பதைவிட மோசமாகிவிடலாம்.

அப்போ ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? எல்லா நேரத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. மணி என்ன, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, அடுப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். உங்கள் வீட்டுக்கான பதிலைக் கண்டுபிடிக்க அளந்து பார்ப்பதே வழி. எப்படி அளப்பது, அளந்த பிறகு என்ன செய்வது என்று விரிவாகப் பார்க்கலாம்.

டோல்கேட்டுக்கு மாசு எங்கிருந்தெல்லாம் வருகிறது?

முதலில் மேப்பை மனதில் கொண்டு வாருங்கள். டோல்கேட்டுக்குக் கிழக்கே கடல். கடலை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்தச் சாலையில்தான் வரிசை கட்டும். ஊருக்கு நடுவே திருவொற்றியூர் நெடுஞ்சாலை.

மேற்கிலும் வடமேற்கிலும் மணலி. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் எல்லாம் இங்கேதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளை ஆய்வு செய்து, 43 இடங்களை ‘மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி’ என்று பட்டியலிட்டது. அதில் மணலியும் ஒன்று. மணலிக்குத் தெற்கே கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு.

வடக்கே எண்ணூர். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், நிலக்கரி இறங்கும் காமராஜர் துறைமுகம், உரத் தொழிற்சாலை ஆகியவை அந்தப் பக்கம்.

ஆக, எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஏதோ ஒன்று வரும். ஆனால் எல்லாத் திசையும் ஒன்றல்ல. பகலில் தரை சூடானதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். கோடையில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி ஆரம்பிக்கும். விரைவுச் சாலையின் லாரிப் புகையைக் கொஞ்சம் சுமந்து வந்தாலும், வேகமாக வீசும் கடற்காற்று மாசைக் கலைத்துவிடும். இரவிலும் அதிகாலையிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். அப்போது மணலி, கொடுங்கையூர் பக்கத்துக் காற்று டோல்கேட் வழியாகத்தான் கடலுக்குப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எண்ணூர் பக்கத்திலிருந்து காற்று வரும்.

இன்னொரு விஷயம். இரவில், அதிலும் மார்கழி, தை மாதங்களில், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும். புகை மேலே போகாமல் கீழேயே தங்கிவிடும். ‘காலையில் காற்று சுத்தமா இருக்கும்’ என்று நினைத்து 5 மணிக்கு எல்லா ஜன்னலையும் திறப்பது இங்கே எப்போதும் சரியாக இருக்காது.

கறுப்புத் தூசு மட்டும்தான் பிரச்னையா?

ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறதே, அது பெரிய துகள். மூக்கும் தொண்டையும் அதில் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்திவிடும். பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத பிஎம் 2.5 என்ற நுண்துகளில் இருக்கிறது. 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறியது. தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்கு. இது நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். வீசிங், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு உடனே தெரியும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், இதய நோயாளிகள் இருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

துகள் தவிர வாயுக்களும் உண்டு. டீசல் புகையிலும் காஸ் அடுப்பிலும் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, நிலக்கரி எரியும்போது வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, உரத் தொழிற்சாலைகள் கையாளும் அமோனியா. துகளை அளக்கும் கருவி இவற்றைக் காட்டாது. துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இவற்றைத் தடுக்காது. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

வீட்டுக்குள் யார் குற்றவாளி?

கொசுவர்த்திச் சுருள்தான் பல வீடுகளில் முதல் இடம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் பிஎம் 2.5 அளவு, 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கொசுத் தொல்லை அதிகமுள்ள வடசென்னையில் ஜன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்தி, குழந்தையைப் படுக்க வைப்பது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து எண்ணெயில் பொரிப்பது, மிளகாய் வறுப்பது, தோசைக்கல் தீய்வது. பிறகு சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம். வீட்டுக்குள் புகைபிடிப்பவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். கரி இஸ்திரிப் பெட்டி, விறகு, மண்ணெண்ணெய் ஸ்டவ் பயன்படுத்தும் வீடுகளில் இன்னும் அதிகம்.

அடுப்பை மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் வரும்? இந்தியா உள்ளிட்ட 4 நாடுகளில் நடந்த ‘ஹாபின்’ ஆய்வில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கர்ப்பிணிகளும் இடம்பெற்றார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதில் பங்கேற்றனர். விறகு அடுப்பிலிருந்து காஸ் அடுப்புக்கு மாறிய பெண்கள் சுவாசித்த பிஎம் 2.5, மாறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. புகை வரும் இடத்தையே சரிசெய்தால் கிடைக்கும் பலன் இது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்தியாவில் 2009-ல் கொண்டுவரப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோல்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 அளவு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆண்டுச் சராசரி 40-க்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கடுமையானது: 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. நம் நாட்டு அளவுகோல் வெளிக்காற்றுக்காக வகுக்கப்பட்டது. வீட்டுக்குள் அளக்கும்போதும் ஒப்பிட்டுப் பார்க்க இதையே வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் 15-க்குக் கீழ் என்றால் நிம்மதி. 30 வரை பரவாயில்லை. 60-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் ஏதாவது செய்தாக வேண்டும். சமைக்கும்போது சில நிமிஷம் 200, 300 என்று எகிறுவதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அரசு ஸ்டேஷன் ரீடிங் போதாதா?

வடசென்னையில் மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் போனிலேயே பார்க்கலாம். ஊர் நிலவரம் தெரிய இது நல்ல வழி.

ஆனால் அந்தக் கருவி இருப்பது வேறு தெருவில். உங்கள் படுக்கையறையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதோடு, அது காட்டும் காற்றுத் தரக் குறியீட்டில் பிஎம் 2.5 என்பது 24 மணி நேரச் சராசரி. இப்போது அடிக்கிற வாடை அதில் மெதுவாகத்தான் தெரியும்.

எந்தக் கருவியை வாங்கலாம்?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கையடக்க மானிட்டர்கள் கிடைக்கின்றன. உள்ளே ஒரு லேசர் ஒளி இருக்கும். துகள் அதன் குறுக்கே போகும்போது சிதறும் ஒளியை வைத்து அளவைக் கணக்கிடும். ஒரு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. குடியிருப்போர் சங்கமோ நான்கைந்து குடும்பமோ சேர்ந்து ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றில் விடலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. பிஎம் 2.5 அளவை மைக்ரோகிராமில் காட்ட வேண்டும். வெறும் ஸ்மைலி, பச்சை, சிவப்பு காட்டும் கருவி வேண்டாம்.

2. கார்பன் டை ஆக்சைடும் அளப்பதாகச் சொன்னால், அதில் ‘என்டிஐஆர்’ சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவு கருவிகள் அந்த வாயுவை அளக்காமலேயே குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும்.

3. ‘ஃபார்மால்டிஹைடு, எல்லா கெமிக்கலும் காட்டும்’ என்று மலிவு விலையில் விற்பதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

4. குறியீட்டு எண்ணில் குழப்பம் வரும். பல கருவிகள் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டும். பிஎம் 2.5 அளவு 50 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் அது சுமார் 83, அதாவது ‘திருப்திகரம்’. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 137, அதாவது நோயாளிகளுக்கு ஆகாத அளவு. அதனால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராமை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலோரம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருக்கும். கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இட்லிப் பானை ஆவி, குளியலறை ஆவி, அதிகாலைப் பனி எல்லாம் கருவியை ஏமாற்றும். அதனால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

7 நாள் சோதனை: எப்படிச் செய்வது?

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கருவி போதும்.

முதல் வேலை, கருவியை எங்கே வைப்பது? தரையிலிருந்து சுமார் 3 அடி உயரத்தில், படுத்திருப்பவர், உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும் மட்டத்தில் வையுங்கள். ஃபேன் நேராக அடிக்கும் இடம், ஜன்னல் விளிம்பு, அடுப்புப் பக்கம் வேண்டாம். வீட்டில் யாருக்கு மூச்சுப் பிரச்னை இருக்கிறதோ அவர் தூங்கும் அறையில் ஆரம்பியுங்கள்.

தினமும் 5 முறை எழுதுங்கள்: காலை 6, காலை 10, மதியம் 3, இரவு 8, இரவு 11. ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளே அளந்து, பிறகு பால்கனியிலோ வாசலிலோ 10 நிமிஷம் வைத்து வெளியே அளக்க வேண்டும். பக்கத்திலேயே ஜன்னல் திறந்ததா மூடியதா, அடுப்பு எரிகிறதா, சுருள் கொளுத்தியதா, ஏதாவது வாடை வந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து என்றும் ஒரு வரி எழுதுங்கள். காற்றின் திசைக்குத் தனிக் கருவி தேவையில்லை. மொட்டை மாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே போதும்.

முதல் 3 நாள் வழக்கம்போல இருங்கள். அடுத்த 2 நாள் சுருள், சாம்பிராணியை நிறுத்திப் பாருங்கள். கடைசி 2 நாள் ஜன்னலைத் திறக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். போகி, தீபாவளி நாட்களைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாகின. அப்படிப்பட்ட ஒரு நாள் ரீடிங் வாரக் கணக்கையே குழப்பிவிடும்.

ரீடிங் என்ன சொல்கிறது?

உள்ளே உள்ள எண்ணை வெளியே உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, இரவு 11 மணிக்கு வெளியே 45, உள்ளே 110 என்றால் பிரச்னை உங்கள் வீட்டுக்குள்தான். லாரியைத் திட்டிப் பயனில்லை, சுருளைப் பாருங்கள். காலை 6 மணிக்கு வெளியே 80, ஜன்னல் மூடியும் உள்ளே 75 என்றால், வீட்டின் இடுக்குகள் வழியே வெளிக்காற்று அப்படியே உள்ளே வருகிறது. வெளியே 80, உள்ளே 35 என்றால் மூடி வைத்தது வேலை செய்கிறது.

இன்னொரு எளிய சோதனை, புகை இறங்கும் வேகம். சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்து, எண் பாதியாகக் குறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். வெளிக்காற்று ஓரளவு சுத்தமாக உள்ள மதியத்தில் இதைச் செய்யுங்கள். 200-லிருந்து 100 ஆக 40 நிமிஷத்துக்கு மேல் ஆனால், மணிக்கு ஒரு தடவைகூட வீட்டுக் காற்று முழுசாக மாறவில்லை என்று அர்த்தம். 8 நிமிஷத்தில் பாதியானால் மணிக்குச் சுமார் 5 தடவை மாறுகிறது. அது நல்ல காற்றோட்டம். ஜன்னல் மூடி ஒரு நாள், திறந்து ஒரு நாள், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஒரு நாள் என்று இதைச் செய்து பார்த்தால் எது உதவுகிறது என்று தெரிந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு கருவி இருந்தால் இரவில் படுக்கையறையில் வையுங்கள். வெளிக்காற்றில் இது சுமார் 420 பிபிஎம். 10-க்கு 10 அறையில் நான்கு பேர் கதவைச் சாத்தித் தூங்கினால் 1,000-ஐச் சீக்கிரமே தாண்டிவிடும். அந்த அளவில் அது விஷம் அல்ல. ஆனால் ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் சுவாசிக்கிறார் என்பதற்கு அடையாளம். சளி, காய்ச்சல், டிபி பரவுவதற்கு இது வசதி. எனவே ‘மாசு வருது’ என்று 24 மணி நேரமும் அடைத்து வைப்பதும் தீர்வாகாது.

ஜன்னலுக்கு ஒரு டைம்டேபிள்

உங்கள் நோட்டில் இருக்கும் எண்களே இதைச் சொல்லும். பொதுவாக டோல்கேட் பகுதிக்கு இப்படி ஆரம்பிக்கலாம்:

அதிகாலை முதல் காலை நெரிசல் முடியும் வரை: சாலைப் பக்க ஜன்னலை மூடி வையுங்கள். சமைக்கும்போது சமையலறைப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

மதியம் கடற்காற்று ஆரம்பித்ததும்: எதிரெதிர் ஜன்னல், கதவுகளைத் திறந்து விடுங்கள். அரை மணி நேரம் குறுக்கே காற்று ஓடினாலே வீடு மாறிவிடும். துணி மேற்குப் பக்கம் பறந்தால் கடற்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரவு: லாரி நடமாட்டம் அதிகமுள்ள தெரு என்றால் சாலைப் பக்கம் மூடி, உள்பக்கம் கொஞ்சம் திறந்து வையுங்கள். கொசுவலை அடித்த ஜன்னல் இருந்தால் சுருளும் தேவையில்லை.

வாசல் ஒன்றுதான், ஜன்னலும் ஒன்றுதான் என்கிற லைன் வீடுகளில் குறுக்குக் காற்று வராது. அங்கே டேபிள் ஃபேனை வாசலைப் பார்த்துத் திருப்பி, உள்காற்றை வெளியே தள்ளுங்கள். மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்தாலும் அது வழியாகப் புதுக் காற்று வரும்.

குறைந்த செலவில் என்னென்ன செய்யலாம்?

சுருளுக்குப் பதில் கொசுவலை. செலவு ஒரு முறைதான். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் ஜன்னல் திறந்திருக்கும் மதிய, மாலை நேரத்தில் போடுங்கள். கைக்குழந்தை அந்த அறையில் வேண்டாம்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், அடுப்பைப் பற்ற வைக்கும்போதே போட்டு, சமைத்து முடித்த பிறகும் 10, 15 நிமிஷம் ஓட விடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் வெளியே தள்ளும் அதே அளவு காற்று வேறு எங்கிருந்தாவது உள்ளே வரும். சாலைப் பக்கக் கதவு திறந்திருந்தால் லாரிப் புகையைத்தான் இழுக்கும். எனவே உள்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எக்ஸாஸ்ட் போடுங்கள்.

தென்னந்துடைப்பத்தால் காய்ந்த தரையைப் பெருக்கினால் தூசு மறுபடி காற்றில்தான் ஏறும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, கொசுவலையையும் வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். சாலைப் பக்க ஜன்னல் இடுக்கு, கதவடி இடைவெளியில் கடையில் கிடைக்கும் நுரை டேப் ஒட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. இடுக்குகளை அடைத்த வீட்டில் கரி அடுப்பு, கரி இஸ்திரிப் பெட்டி, ஜெனரேட்டர் ஆகியவற்றை ஒருபோதும் உள்ளே வைக்கக் கூடாது. காஸ் கீசர் உள்ள குளியலறையை முழுக்க அடைக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?

மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் படுக்கையறையில் 60-க்கு மேல் நிற்கிறது, வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார் என்றால் யோசிக்கலாம். ‘ஹெப்பா’ ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். 0.3 மைக்ரான் துகளையே 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான அமெரிக்க வரையறை.

அடுத்து ‘சிஏடிஆர்’ எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பதே இது. கணக்கு சுலபம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 5 தடவை காற்றைச் சுத்தம் செய்ய 34-ஐ 5-ஆல் பெருக்கினால் 170. இதற்குக் குறையாத சிஏடிஆர் வேண்டும். சத்தம் குறைவாக இருக்கும் ‘ஸ்லீப் மோடில்’ இந்த எண் ரொம்பக் குறைந்துவிடும் என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குவது நல்லது. ஃபில்டர் மாற்றும் செலவையும் முதலிலேயே விசாரியுங்கள்.

அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு இன்னொரு யோசனை உண்டு. 2020-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் ஆகியோர் பெட்டி போன்ற ஃபேனைச் சுற்றி நான்கைந்து ஃபில்டர்களை டேப்பால் ஒட்டி ஒரு ப்யூரிஃபையரை உருவாக்கினார்கள். நம்மூர் டேபிள் ஃபேனில் சுற்றி இடைவெளி இருப்பதால் இது சரியாக வராது. சதுரச் சட்டம் உள்ள ஃபேன் வேண்டும். மோட்டார் சூடாகிறதா என்று கவனிக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஓட விடக் கூடாது.

எதை நம்ப வேண்டாம்?

ஏசி: ஸ்ப்ளிட் ஏசி அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். அதிலிருக்கும் வலை பெரிய தூசைத்தான் பிடிக்கும்.

செடிகள்: அழகுக்கு வைக்கலாம். ஆனால் ஜன்னல் வழியே நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவைப்படும் என்று 2019-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

ஓசோன் கருவிகள்: ‘காற்றைக் கழுவும்’ என்று விற்கப்படும். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டுக்குள் வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எச்சரிக்கிறது.

ரூம் ஸ்ப்ரே: வாடையை மறைக்கும். காற்றில் இன்னொரு கெமிக்கலைச் சேர்க்கும். காஸ் வாடை வரும் ஊரில் வாடையை மறைப்பது ஆபத்தும் கூட.

திடீரென்று காஸ் வாடை வந்தால் என்ன செய்வது?

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இதை வடசென்னை மறக்கவில்லை.

இப்படி நடந்தால் ப்யூரிஃபையர் உதவாது. வாடை லேசாக இருந்து, அதிகாரிகள் வெளியேறச் சொல்லாவிட்டால் ஜன்னல், கதவை மூடி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, வாடை வரும் பக்கத்துக்கு எதிர்ப்புற அறைக்குப் போங்கள். கண் எரிந்து மூச்சு அடைத்தால் வெளியேறுங்கள். காற்று வரும் பாதையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்வது ஓரளவு உதவும். கண்ணைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். மூச்சுத்திணறல் என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சமையல் காஸ் வாடை என்றால் இதற்கு நேர் எதிர். ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியேறி, 1906-ஐ அழையுங்கள். ஃப்ரிட்ஜ் பக்கமா, தெருப் பக்கமா, வாடை எங்கிருந்து என்று முதலில் தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியம்.

நோட்டு ஏன் முக்கியம்?

2024 அக்டோபர் 25-ஆம் தேதி திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில், வாயு வாடையால் மாணவ, மாணவியர் பலருக்கு மூச்சுத்திணறலும் மயக்கமும் ஏற்பட்டன. பள்ளி மூடப்பட்டு, நவம்பர் 4-ஆம் தேதி திறந்தபோது மீண்டும் சிலருக்கு உடல்நலம் பாதித்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடமாடும் கண்காணிப்பு வாகனத்தைக் கொண்டுவந்து காற்றைச் சோதித்தது.

பொதுவாக வாயு விஷயத்தில் இருக்கும் சிக்கல் இதுதான். காற்று அடித்தால் சில நிமிஷத்தில் கலைந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல கருவியைக் கொண்டுவந்தாலும், அப்போது இருக்கும் காற்றைத்தான் அது அளக்கும். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புக்கு அதனால்தான் மதிப்பு அதிகம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை நிமிஷம் இருந்தது, என்ன மாதிரி வாடை, காற்று எந்தத் திசை, யாருக்கு என்ன ஆனது என்று ஐந்து வரி போதும். ஒரே தெருவில் பத்து வீட்டில் இப்படி நோட்டு இருந்து, அவற்றில் நேரமும் திசையும் ஒத்துப்போனால், ‘ஏதோ நாத்தம் அடிச்சுது’ என்கிற பேச்சு விசாரிக்க வேண்டிய புகாராக மாறிவிடும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஆன்லைனில் புகார் தரலாம். குப்பை எரிப்பு, கட்டுமானத் தூசு போன்றவற்றுக்குச் சென்னை மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது.

புகாரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ராயபுரமே பதில் சொல்லும். ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி, இரும்புத் தாதுவின் தூசு அந்தப் பகுதி வீடுகளின் தரை, துணி, சாப்பாட்டுத் தட்டு வரை படிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை ஆயிரம் வீட்டில் எத்தனை ஃபில்டர் வைத்திருந்தாலும் அந்தத் தூசு நின்றிருக்காது. அதே சமயம் அந்த நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குத்தான் மாறியது, ராயபுரத்தின் சுமை வடக்கே போனது என்பதும் உண்மை.

சுருளை அணைப்பதும், கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதும் இன்று ராத்திரியே வீட்டில் செய்யக்கூடியவை. லாரி வரிசையும் புகைபோக்கியும் ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. அவற்றுக்குப் பொறுப்பானவர்களிடம் கேள்வி கேட்கப் போகும்போது, 7 நாள் எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.